எட்டு முழம்

துவாஸ் விடுதி, நான்காம் மாடி, ஞாயிறு.
அரிசி மூட்டையின் மேல் கணக்கு நோட்டு.
ஆளுக்கு இருபது வெள்ளி,
இருபத்து மூன்று பேர், பதினான்கு மாதம்.
சேவுகன் இரண்டு மாதம் கட்டவில்லை,
கை நசுங்கிப் படுத்திருந்த சமயம்.
பாக்கி என்று நான் எழுதவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

கண்மாயின் வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது.
ஒரு பொக்லைன், ஆறு நாள் வாடகை, டீசல்,
ஓட்டுநருக்கு பிரியாணி,
முடிந்ததும் கரையில் ஒரு கல்:
சிங்கப்பூர் நண்பர்கள் உபயம்.
எழுத்தின் உயரம்வரை பேசி முடித்திருந்தோம்.
அடைக்கலம் தங்க நிறம் கேட்டான்.

ஊரைத்தான் கேட்கவில்லை.

வார்டு மெம்பர் தவமணி வீடியோவில் வந்தாள்,
பாதி முகம், மீதி வேப்பமரம்.
"மிசினு வேணாம்ணே.
போன தடவை வந்துச்சு. அள்ளுன மண்ணைக்
கரையிலயே போட்டுட்டுப் போச்சு.
ஒரே மழை, அம்புட்டும் திரும்ப உள்ள.
யாரைப் போயிக் கேக்க? மிசினையா?
நாங்களே கூட்டம் போட்டோம்.
நாலு கூட்டம். மூணுல சண்டை."

பாறைப் பக்கம் யாருக்கு என்பதில்தான்
மூன்று சண்டையும்.
வழக்கம்போல் காலனிக்குத் தள்ளப் பார்த்தார்களாம்.
தவமணி கயிற்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.
பிறகு துண்டுச்சீட்டு போட்டுக் குலுக்கி,
பாறை விழுந்தது பிரசிடெண்ட் குடும்பத்துக்கு.
ரேஷன் அட்டையில் பேருள்ளவர்,
அறுபதுக்குக் கீழே என்றால்
தலைக்கு எட்டு முழம்.
கூலிக்கு ஆள் விடக்கூடாது.

"அப்ப நாங்க?" என்றேன்.
அவள் போனைத் திருப்பினாள்.

நீளமாய்ப் போன பள்ளத்தில்
சட்டென்று ஒரு திட்டு.
மறுபடி பள்ளம். மறுபடி திட்டு.
பல் விழுந்த வாய்.
திட்டுக்குத் திட்டு ஒரு முளைக்குச்சி,
நீலப் பெயிண்டில் பேர்.
மு. இருளப்பன்.
என் பேர்தான், கருவேல முள்ளுக்கு நடுவில்.
அடுத்த எட்டு முழம் என் மனைவி வெட்டியது.
ஓரம் நூல் பிடித்தாற்போல் இருந்தது.
என் பக்கம் ஒரு மண்வெட்டி வாய்கூட
அவள் தாண்டி வரவில்லை.

"இருபத்து மூணு குச்சி நிக்குதுண்ணே.
தண்ணி வந்தா உங்க முழத்துலதான் வந்து நிக்கும்.
ஊரே பாக்கும்."
சேர்த்த காசை என்ன செய்வது என்றேன்.
"டிக்கெட்டு எடுங்க."
சிக்னல் போனதா, அவளே வைத்தாளா, தெரியவில்லை.

அன்றைக்குச் சோறு குழைந்தது.
காசு கொடுத்தாலும் குத்தமா என்றான் அடைக்கலம்.
அவனவன் பங்கைப் பிரித்துக் கொடு என்றான் ஜெயசீலன்.
மூன்று விரல் கையால் நோட்டை இழுத்த சேவுகன்,
"ஆறாயிரத்து நானூறு.
பதினாலு டிக்கெட்டு தேறும்.
லீவுதான் தேறாது.
குலுக்கு" என்றான்.

பொக்லைன் கணக்கை அடித்துவிட்டு
டிக்கெட் சீட்டு என்று எழுதினேன்.
சோற்றுத் தட்டில் போட்டுக் குலுக்கியதில்
முதல் சீட்டு எனக்கே வர,
கணக்கப்பிள்ளை களவாணி என்று சிரித்தார்கள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் ஹெங்
லீவுத் தாளை வைத்துக்கொண்டு காரணம் கேட்டார்.
"லோங்காங், பாஸ். ஊரில் லோங்காங் வெட்டணும்."
நான் நின்றிருந்த இடுப்பளவுப் பள்ளத்தைக் காட்டி,
"இங்கேயும் அதைத்தானே வெட்டுகிறாய்?" என்றார்.

ஆமாம். ஒன்பது வருசம்.
பூன் லே, செங்காங், சாங்கி.
எல்லாவற்றையும் சேர்த்து நீட்டினால்
எங்கள் கண்மாயிலிருந்து கடல்வரை போகும்.
முடித்த அன்றே மேலே பலகை மூடி,
அடுத்த மாதம் அதன்மேல் சைக்கிள் போகும்.
எங்கேயும் ஒரு குச்சி இல்லை.

முழத்துக்கு அவர் மொழியில் என்ன சொல்வது?
எட்டு விரலை விரித்துக் காட்டினேன்.

"எட்டு நாளா?"

தலையாட்டினேன்.
அவர் ஏழு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டார்.