படம் போடாத உறை

ஆறு வாரம் என்றாள் மருத்துவச்சி.
முதலில் சிவப்பு, பிறகு பழுப்பு,
கடைசியில் ஆறிப்போன தேநீரின் ஓரம்போல.
உள்ளே வைப்பது எதுவும் கூடாது.
வாசனை போட்டது கூடாது.
ஒரு மணி நேரத்தில் ஒன்று முழுக்க நனைந்தால்
நடுராத்திரி ஆனாலும் கூப்பிடு.
தாளில் எழுதியும் கொடுத்தாள்.
அதன் பின்பக்கம்
தொப்புளை எப்படித் துடைப்பது என்று அச்சிட்டிருந்தது.
குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தாள்,
அளவுகோல் வைத்து.

மருத்துவமனையில் தந்தவை ஒவ்வொன்றும் ஒரு தலையணை.
வலைத்துணி ஜட்டிக்குள் ஒன்றைச் செருகிக்கொண்டு
வாத்துபோல் நடந்து கார்வரை வந்தேன்.
குழந்தை இருக்கையை ஆக்ரிஸ் முந்தின இரவே கழற்றிவிட்டான்.
பின்சீட்டில் நாலு பள்ளம் மட்டும்
இன்னும் எழும்பாமல்.

துவைத்துப் போடும் துணியாக வாங்கேன், மிச்சமாகும்
என்றாள் நாத்தனார் இங்கூனா, போனில்.
நல்ல மனசுதான் அவளுக்கு.
எதையும் அலசி, காயவைத்து, மடித்து
மறுபடி எடுக்கிற நிலையில் நான் இல்லை.
போனால் போகட்டும் என்கிற சாமான்
எனக்கு வேண்டும்.

மூன்றாம் நாள் இரவு கையிருப்பு தீர்ந்தது.
பிப்ரவரி மாத லியெபாயா.
காற்று பிறக்கும் ஊர் என்று
எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிற ஊர்.
ஆக்ரிஸ் கடைக்குப் போனான்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்,
கட்டுக் கட்டாய் மரத்தைக் கப்பலுக்குள்
நூல் பிசகாமல் இறக்குகிறவன்.

முதல் படம் அனுப்பினான்:
இளஞ்சிவப்பு உறை, சிறகு உண்டு, பத்து எண்ணம்.
மூலையில் ஒரு குதிகால், நெல்லிக்காய் அளவு.
வேண்டாம் என்றேன்.
அடுத்தது: பருத்தி, இரவுக்கு, பன்னிரண்டு.
யாரோ ஒருத்தி உச்சந்தலையை முகர்ந்துகொண்டிருக்கிறாள்.
கட்டைவிரலால் மறைக்கப் பார்த்திருக்கிறான்.
நகத்தைச் சுற்றி மயிர் தெரிந்தது.
மூன்றாவதில் ஒரு நாரை.
நாரை மட்டும்தான் என்று கீழே எழுதியிருந்தான்.

பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

மடித்த துண்டின்மேல் உட்கார்ந்திருந்தேன்.
அந்நேரம் பார்த்துப் பால் கட்டியது.
உடம்புக்கு யார் போய்ச் சொல்வது?
குடிபோன வீட்டைக் கழுவிவிடுவதுபோல்
கருப்பை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது,
ஒரு மூலை விடாமல்.

காதெல்லாம் சிவந்து வந்தான்.
கையில் பெரிய மூட்டை.
முதியோர் போட்டுக்கொள்வது, மூத்திரக் கசிவுக்கு.
உறைமேல் வெள்ளைமுடிக்காரி ஒருத்தி
சைக்கிள் ஓட்டிக்கொண்டு
பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறாள்.

கல்லாவில் இருந்த வெல்டா தந்தாளாம்.
இதுதான் நல்லது, நழுவாது,
படுத்தால் பின்பக்கம் வழியாது,
நானும் ஒரு தடவை என்று ஆரம்பித்தவள்
ரசீதைக் கிழித்துக் கொடுத்தாளாம்.

போட்டுப் பார்த்தேன். இடுப்புவரை ஏறியது.
கண்ணாடியில் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.
தையல் சுண்டியது. சுடச்சுட ஒரு கொட்டல்.
சிரிக்காதே என்றான் பயந்துபோய்.
சிரித்தால்தான் கொட்டுகிறது என்றேன்.
அவனும் சிரித்தான், தரையில் உட்கார்ந்து,
இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு,
சிரிப்பு நின்ற பிறகும் கையை எடுக்காமல்.

சிவப்பு, பழுப்பு, தேநீர்.
தாளில் இருந்தபடியேதான் எல்லாம்.
முப்பத்தெட்டாம் நாள் காலையில் பிரித்துப் பார்த்தேன்.
வெறும் வெள்ளை.
வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
எதையோ தவறவிட்டவள்போல.
அவள் இருந்த இடத்திலிருந்து
இனி ஒன்றும் வராது.

மூட்டையில் மீதி நாலு இருந்தது.
குளியலறை அலமாரியில் வைத்தேன்,
சைக்கிள்காரியின் முகம் சுவர்ப்பக்கமாக.
மறுநாள் பார்த்தால்
ஆக்ரிஸ் திருப்பி வைத்திருந்தான்.