அறுந்த கயிறு

யாவராட் சந்தில் தகரக் கொட்டகை.
இருபது வருஷமாய் உள்ளே
சுதை பூசிய ஒரு புத்தர்.
நூடுல்ஸ் விற்கும் கிம் ஹுவா
நனைந்த குடையை
அவர் முழங்காலில்தான் சாய்த்து வைப்பாள்.

தூக்கும்போது கயிறு அறுந்தது.
சேற்றில் சாய்ந்தார். மழை வேறு.
கயிறு கட்டிய சம்ரோங்
கால்வாய்க்கு ஓடி
கவிழ்த்த படகுக்கடியில் இரவெல்லாம் நடுங்கினான்:
ஏழு பிறவிக்கும் தீராது.

விடிந்ததும் சந்து கொள்ளாத கூட்டம்.
மார்பில் விண்ட சுதைக்குள்
மஞ்சளாய் ஏதோ.
பிக்கு தடவினார்,
விரல் நின்றுவிட்டது.

பர்மியப் படை வருமுன்
இந்தச் சுண்ணாம்பைக் குழைத்தது யார்,
வாய் திறக்காமலே செத்தது யார்?
பேச்சு பெருகியது.

கயிற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
சம்ரோங் சுருட்டி எடுத்துப்போனான்.
இப்போது அவன் வீட்டுக் கொடி அதுதான்.
கனத்த போர்வையை மட்டும்
மனைவி அதில் போடுவதில்லை.