மேட்டில் நிற்கும் காற்று

மூணாவது தடவையாக வந்திருக்கிறார் ஞானதிரவியம்.
சோலார் டேங்க் நிறைய வெந்நீர்.
குளியலறைக் குழாயோ இருமுகிறது,
ரெண்டு வாய் துப்பிவிட்டு அடங்குகிறது.

பெருமாள்புரத்து மொட்டைமாடி, பத்து மணி வெயில்.
குழாயில் வாய் வைத்து ஊதினார்.
காது வைத்துக் கேட்டார்.
'வால்வுல குத்தமில்ல சார்.'

பாகம் பிரித்தபோது
சோலார் எனக்கு, அது நிற்கிற தளம் தம்பிக்கு.
நடுவில் நாலடிச் சுவர்.

'இதுல ஏறி எறங்குதுல்லா பைப்பு,
அந்த மேட்டுல காத்து உக்காந்துக்கிடுது.
அடியில ஒரு ஓட்ட போட்டா நேரா வந்துரும்.
தம்பிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க.'

வேறு வழி கேட்டேன்.
சுவர் உச்சியில் காற்றுக்குழாய் வைத்தார்.
கூலியோடு எழுநூற்று இருபது.

வெந்நீர் வருகிறது.
டேங்க்குக்கும் மேலாக
அந்தக் குழாய்
வாய் திறந்தபடி நிற்கிறது.