இருபத்து மூன்றாம் இலக்கம்

லொறியிலிருந்து இறக்க நாலு பேரைக் கூப்பிட்டிருந்தேன்.
இரண்டு பேரே போதுமாயிருந்தது.
உள்ளே ஒன்றுமில்லை.
தட்டினால் தண்ணீர் டாங்கியின் சத்தம்.
வெள்ளை பிரைமர் பூசி, கண் எழுதாத,
ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி யோசிக்கும் உருவம்.
வயிற்றில் மார்க்கர் பேனையால்: 23.

கடிதம் மூன்று மொழியில் வந்தது.
முப்பது சிலை, முப்பது கலைஞர்,
பண்டாரவளையிலிருந்து நானுஓயா வரை
பார்த்துக்கொண்டே போகலாம்.
ஏலத்தில் வரும் காசு சிறுவர் வார்ட்டுக்கு.
தமிழ்ப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி கூடுதல்:
'புலி என்று எழுதுவதைத் தயவுசெய்து தவிர்க்கவும்.'

எங்கள் பக்கம் அது எப்போதும் புலிதான்.
நாலாம் நம்பர் மலையில் நாயைத் தூக்கிப் போனது புலி.
சிறுத்தை பாடப்புத்தகத்தில் இருந்தது,
'சி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில்.
சரி, சிறுத்தை.

'கொழுந்துக் கூடை, சிரித்த முகம்,
அப்படி ஏதாவது போடுங்களேன்,
வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கும்'
என்றாள் ஷெனாலி, கொழும்பிலிருந்து.
பதின்மூன்று வருடம் பஸ்களுக்குப் படம் எழுதியவள் நான்.
வேல் கேட்டால் வேல், வேளாங்கண்ணி கேட்டால் வேளாங்கண்ணி.
பார்ப்போம் மிஸ் என்று வைத்துவிட்டேன்.

அப்புத்தளையில் பெயின்ட் காயாது.
நளீம் நானாவின் ஹாட்வெயார் கடைக்குப் பின்னால்
ஸ்டோர் கதவைச் சாத்தினாலும்
இடுக்கால் வந்து ஈர மஞ்சளில் உட்காரும் பனி.
சலூன் கௌசியிடம் டிரையர் இரவல் வாங்கினேன்.
'புலி கல்யாணத்துக்குப் போகுதா அக்கா?'
என்றான் சாமான் கட்டும் பையன்.
கரண்ட் போனது. அவன் இன்னும் சிரித்தான்.

முதல் மஞ்சள் மஞ்சள்தூள் மாதிரி.
இரண்டாவது, ஆறிப்போன பிளேன்டீ.
மூன்றாவது சரி:
மார்ச் மாதத்து மானாப்புல்,
தீ வைப்பதற்கு முதல் நாள்.

புள்ளிகளுக்கு மாதிரி தேடவில்லை.
ஒரே ஒரு தடவை கிட்டே நின்று பார்த்திருக்கிறேன்,
லீக்ஸ் பாத்தி ஓரத்தில்,
ஜீப் வருவதற்கு முன்னால்,
எல்லோரும் போனை உயர்த்திப் பிடித்திருந்தபோது.
கிளச் கம்பி இடுப்பில் இறங்கியிருந்தது.
கம்பிக்கு இந்தப் பக்கத்துப் புள்ளியும்
அந்தப் பக்கத்துப் புள்ளியும்
ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

அதைத்தான் எழுதினேன்.
கம்பி இல்லை. இரத்தம் இல்லை.
தலையிலிருந்து ஒழுங்காக வரும் புள்ளிகள்
இடுப்பில் ஒரு விரற்கடை வெறும் மஞ்சள் விட்டு
சற்றே கீழே தள்ளி மறுபடி தொடங்கும்,
கிழிந்த போட்டோவை அவசரத்தில் ஒட்டினது போல.

ஆணி வாங்க வந்த சந்தனம் எட்டிப் பார்த்தான்.
உள்ளே வந்தான். ஒரு சுற்றுச் சுற்றினான்.
'இடுப்புல பிசகியிருக்கே.'
'ஆமா.'
கூரைத் தகரத்தில் மழை தொடங்கி, நின்றது.
'பன்னிக்குத்தான் வச்சது' என்றான்,
யாரும் கேட்காமலே.
'மூணு மாசத்துக் கேரட்ட
ஒரே ராத்திரியில உழுதுட்டுப் போகுது.
நீ வந்து காவல் இருப்பியா?'
எனக்குப் பதில் தெரியவில்லை.
கரண்ட் வந்தது.
டிரையரை அவன் கையில் கொடுத்தேன்.
நான் இடது கண்ணை எழுதி முடிக்கும்வரை
கை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.
ஆணியை மறந்துவிட்டுப் போனான்.

படம் அனுப்பினேன்.
'அழகு! இடுப்பில் சின்னப் பிழை, டச் அப் செய்யலாமா?'
பிழை இல்லை என்று எழுதினேன்.
நெடுநேரம் அந்தப் பக்கம் ஏதோ தட்டப்பட்டு, அழிக்கப்பட்டு,
கடைசியில் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

ஸ்டேஷன் வாசலில் வைத்தார்கள்.
அனுசரணையாளர் பலகையை என் பெயருக்கு மேல் அறைந்தார்கள்.
ஒரு வெள்ளைக்காரர் முதுகில் தொப்பியை வைத்துப் படம் எடுத்தார்.
பிறகு ஒரு சின்னப்பெண்,
மூக்கிலிருந்து தொடங்கி
விரல் வைத்துப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.
இடைவெளியில் விரல் நின்றது.
கொஞ்சம் யோசித்தாள்.
விரலைத் தூக்கி,
கானைத் தாண்டுவதுபோல் தாண்டி,
அந்தப் பக்கத்தில் வைத்து, தொடர்ந்தாள்.

நூற்றுப் பதினெட்டில் ரயில் வந்துவிட்டது.