கட்டில் வானிலை

அலாம் அடித்தால்
முதலில் எழும்புவது நான்.
பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்துக் கைக்குழந்தை,
கீழ்வீட்டு நாய்.
ஆரூரன் மட்டும் எழும்பமாட்டான்.
உள்ளுடுப்பில் செருகிய சின்னக் கருவி
ஊரைக் கூட்டி அலற
வாய் திறந்து தூங்குவான்,
ஆற்றின் அடியில் கிடக்கும் கல் மாதிரி.

வினிபெக், தை மாதம், இரவு மூன்று மணி.
ஈர விரிப்பைச் சுருட்டிக்கொண்டு
லிஃப்டில் நிலக்கீழ் அறைக்கு இறங்குவேன்.
லோண்ட்ரியில் எனக்கு முன்னமே ஒருவர்,
நாலாம் மாடி, பிலிப்பீன்காரர்,
டைனோசர் போட்ட விரிப்பை
மெசினுக்குள் திணித்துக்கொண்டிருப்பார்.
பெயர் கேட்டதில்லை.
நாங்கள் ஒன்றும் கதைப்பதில்லை.
ஒருநாள் எனக்குச் சில்லறை குறைந்தபோது
ஒரு டொலர்க் குற்றியை
மெசின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

டொக்டர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தா.
சலத்தைப் பற்றிக் கேட்க வந்த என்னிடம்
மலத்தைப் பற்றிக் கேட்டா.
இறுகிக் கிடக்கும் குடல்
பக்கத்திலிருக்கும் பையை நெருக்குமாம்.
பகலில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும்,
பொழுதுபட்டால் குறையட்டும், கோலா வேண்டாம்.
இரவில் சலத்தைக் குறைக்கச் சொல்லும் சுரப்பு
சில பிள்ளைகளுக்குப் பிந்தித்தான் வருமாம்,
பாற்பல் விழப் பிந்துவது போல.
அலாமுக்கு வாரங்கள் பிடிக்கும், சிலவேளை மாதங்கள்.
"பிள்ளையில பிழை இல்லை" என்றா,
எழுதிக்கொண்டிருந்த கை நிற்காமல்.
பிறகு நிமிர்ந்து,
"உங்கள் இரண்டு பேரில் யாருக்காவது இருந்ததா?"
இல்லை என்றேன்.
அவருக்கும் சேர்த்து இல்லை என்றேன்.

அவர் அப்போது ஒன்ராறியோ எல்லையில்
லொறியோடு பனிக்குள் நின்றார்.
இரவு போன் எடுத்தபோது
அந்தக் கேள்வியைப் பகிடியாகத்தான் சொன்னேன்.
வைப்பர் அசையும் சத்தம் மட்டும் கேட்டது,
வெகுநேரம்.

"இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில இருந்தனாங்கள்.
ஒரு வகுப்பறைக்குள்ள நாப்பது பேர்.
மற்றவை எழும்ப முதல்
செம்புத் தண்ணியைப் பாயில ஊத்திப்போடுவன்.
தட்டிக்கொட்டி எண்டு பட்டம் வைச்சினம்.
அடியும் விழும்.
அந்த அடி பரவாயில்லை."

பதினொரு வருசம் இந்த மனிதரோடு.
ஒரு சொட்டுத் தேத்தண்ணி சிந்தி நான் கண்டதில்லை.
அரைக் கோப்பையைக் கூட
இரண்டு கையாலும் ஏந்தி நடப்பார்.
அதைச் சொல்லிச் சொல்லிச்
சிரித்திருக்கிறேன்.

கதவோரம் மகன் நின்றதை
அப்போதுதான் கண்டேன்.
"அப்பாக்கு எப்ப நிண்டது?"
"பன்னிரண்டு வயசில."
விரல் மடித்து எண்ணினான்.
"அப்ப எனக்கு இன்னும் நாலு வருசம் கிடக்கு."
நிம்மதியாகப் பல் தீட்டப் போனான்.

டொக்டர் தந்த தாளில்
காய்ந்த இரவுக்கு நட்சத்திரம் ஒட்டவேண்டும்.
அவனுக்கு நட்சத்திரம் பிடிக்காது.
டீவியில் வானிலை சொல்பவர் மாதிரி
முகில் வரைகிறான், மழைக்கோடு இழுக்கிறான்.
திங்கள், கனமழை.
செவ்வாய், தூறல்.
புதன், கனமழை, காற்றும்.
காற்று எதுக்கு என்று கேட்டேன்.
போர்வைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தான்.

வெள்ளி இரவு அலாம் கத்தியது.
நான் காலை நிலத்தில் வைக்க முதல்
இன்னொரு காலடி கேட்டது.
கண்ணை மூடியபடியே நடந்து
உடுப்பு அலுமாரியைத் திறந்து
குளிர்ச் சட்டைகளுக்கு முன்னால் நின்று
காற்சட்டையை இறக்கப் பார்த்தான்.
தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.
மிச்சம் சரியான இடத்தில் விழுந்தது.

விரிப்பில் ஒரு கையளவு ஈரம்.
துவாயை மடித்துப் போட்டேன், படுத்துவிட்டான்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அன்று நான் கீழே இறங்கவில்லை.
நாலாம் மாடிக்காரர் தனியே நின்றிருப்பார்.

விடிய எழும்பி நெடுநேரம் யோசித்தான்.
வெள்ளிக் கட்டத்துக்குள்
முகிலுக்குப் பின்னால் பாதிச் சூரியன்.
பிறகு பென்சிலைத் திருப்பி
முகிலில் கொஞ்சம் அழித்தான்.