பதினேழாம் வண்டி

வெலென்யே ஆலை, இரவு ஷிஃப்ட், மூன்று பத்து.
பதினேழாம் வண்டி
டிராலியின் அடியில் நுழைந்து நிற்கிறது.
ஓட்டுநர் இல்லை; திட்டுவதற்கும் ஆளில்லை.

பூட்டுமுளை மேலெழுகிறது,
துளையைத் தொடுகிறது, இறங்குகிறது.
மறுபடி.
பூட்டினேன் என்று பொய் சொல்லத் தெரியாத சென்சார்
சிவப்பிலேயே விழித்திருக்கிறது.
பின்னால் ஆறு வண்டிகள், வரிசை கலையாமல்.

ஸ்டென்கா மல்லாந்து படுத்து
டார்ச்சைப் பல்லில் கடித்து
துளைக்குள் விரல் விடுகிறாள்:
அரை வால்நட் ஓடு.
தானாக ஏறியிருக்க வழியில்லை.

ஏற்றுமேடையில்
ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து
போகோமிர் பூட்ஸைக் கழற்றியிருக்கிறான்,
வீங்கிய காலை
இரும்புத் தூணில் வைத்து.
அவள் பார்த்ததை அவன் பார்க்கவில்லை.

ஓடு அவள் சட்டைப்பைக்குள் போகிறது.
பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்: தூசு.
ரீசெட் பொத்தானுக்கு
இன்னும் நான்கு நிமிடம் கழித்துத்தான் நடக்கிறாள்.