கிளிப்புக் கணக்கு

க்டீனியா துறைமுகத்துக்குப் பின்னால்
ஓட்டல் விரிப்புகளை வெளுக்கும் கூடம்.
எவர் கைக்கும் எட்டாத உயரத்தில்
கம்பிக்கூண்டுக்குள் ஒரு ரேடியோ.
கூண்டின் சாவி முதலாளியிடம்.
முதலாளி வார்சாவில்.

காலை ஆறேகாலுக்கு அந்தப் பாட்டு.
ஏழரைக்கு அதே பாட்டு.
ஜன்னலில் மழை, ஜன்னலில் மழை என்கிறான் ஒருவன்;
மூன்று மாதமாய் விட்டபாடில்லை.
ஒவ்வொரு முறைக்கும் ஒரு துணிக்கிளிப்பை
மேலங்கியில் மாட்டிக்கொள்வாள் போகுமிவா.
வேலை முடிந்து வெளியேறும்போது
போரில் வென்ற தளபதி போல
நெஞ்சில் ஒன்பது, பத்து,
ஒரு வெள்ளிக்கிழமை பதினொன்று.

எனக்கு அந்தத் தொல்லை இல்லை.
என் காது, என் ராஜ்ஜியம்.
சட்டைப்பையில் நாலாயிரத்துச் சொச்சம் பாட்டு,
நானே பொறுக்கி நானே அடுக்கியது.
மலையுச்சியில் நின்று கூவும் பல்கேரியப் பெண்கள்,
மாலியின் இருபத்தொரு தந்திகள்,
குளியலறைக்குள் உட்கார்ந்து
தன்னைத் தானே பதிவு செய்துகொண்ட
பெயர் தெரியாத ஒருவன்.
எல்லோரும் அந்த மழையில் நனைய
நான் மட்டும் குடைக்குள்.
அந்தக் கர்வத்தில்
விரிப்பின் நாலு மூலையும்
கூடுதல் நேராய் மடிந்தன.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
ஸெனோபியா மேசையைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள்,
தோள் குலுங்குகிறது.
வண்டி தள்ளும் ஸெஸாரி
அழுக்கு மூட்டைமேல் உட்கார்ந்தேவிட்டான்.
யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து
காதிலிருந்து பிடுங்கினேன்.
சிரிப்பு.
கூடம் நிறைய, ஆவியோடு ஆவியாய்ச் சிரிப்பு.

அறிவிப்பாளருக்கு விக்கலாம்.
வானிலை வாசிக்கும்போது.
மைனஸ் – விக் – மைனஸ் – விக் –
சொல்ல முடியாமல் மறுபடி சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்
ஒரு நொடி பிந்தி,
வேற்றுமொழிப் படத்தில்
கீழே ஓடும் எழுத்தைப் படித்துவிட்டுச்
சிரிப்பவனைப் போல.

டிசம்பரில், கேட்காமலேயே,
போன் ஆண்டுக் கணக்கை நீட்டியது.
திரையில் வண்ணக் காகிதம் தூவி, வாழ்த்துச் சொல்லி:
ஒரே பாட்டை
அறுநூற்றுப் பன்னிரண்டு முறை.
குளியலறைக்காரன்.
மீதியில் மூவாயிரத்தெழுநூறை
நான் தொட்டதே இல்லை.
இந்தக் கூண்டுக்குச் சாவி
என்னிடமேதான் இருந்தது.

போகுமிவாவிடம் காட்டினேன், ஏனென்று தெரியாமல்.
நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கி
எண்ணை இருமுறை படித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கூடையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி
என் காலரில் மாட்டினாள், கைமடிப்பில், பொத்தான் வரிசையில்,
வலது காதுமடலில் ஒன்று.
"பத்தாது. கிடங்குக்கு ஆள் அனுப்பணும்."

பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.
ஒரு காதுக்கானதைக் கழற்றிக் கொடுத்தேன்.
கண்ணை மூடிக் கேட்டாள், முழுசாய்,
இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நிற்கும் வரை.
"நல்லாத்தான் பாடறான்.
பின்னால குழாய் சொட்டுது,
மூடச் சொல்லு."

சொட்டுகிறதா?
திரும்பப் போட்டேன்.
சொட்டுகிறது.
பாட்டு முழுக்க, தாளத்துக்குக் கட்டுப்படாமல்,
அறுநூற்றுப் பன்னிரண்டு முறையும்
சொட்டியிருக்கிறது.

மேலே கூண்டுக்குள்
ஜன்னலில் மழை தொடங்கியது.
பழக்கத்தில் கூடையைத் துழாவினாள்.
எல்லாக் கிளிப்பும்
என்மேல்.